வேலைக்கு வராத புதுமுகம்

அமெரிக்கன் ஃபுட்பாலில் சம்பளம் படியாமல் பயிற்சிக்கு வர மறுப்பதற்கு 'ஹோல்ட்அவுட்' என்று பெயர். 2007-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த புதுமுகம் ஜமார்கஸ் ரஸ்ஸல், செப்டம்பர் வரை வரவேயில்லை. சீசனே தொடங்கிவிட்டது! கடைசியில் 3 கோடி டாலருக்கு மேல் உத்தரவாதம் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். சரியாக ஆடவில்லை என்று 2010-ல் அணி அவரைக் கழற்றிவிட்டது.

பேராசை என்று திட்டுவது சுலபம். ஆனால் ஒரு முழங்கால் போனால் பிழைப்பே போய்விடும் தொழில் இது. உத்தரவாதப் பணம்தான் கையில் நிற்கும்.

2011 ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 2010-ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதமே 5 கோடி டாலர். அடுத்த வருடம் கேம் நியூட்டனுக்கு மொத்தமே சுமார் 2.2 கோடி. ரஸ்ஸல் வாங்கிய பணத்துக்கு அவருக்குப் பின்னால் வந்தவர்கள் விலை கொடுத்தார்கள். முழங்காலுக்கான ஆபத்து மட்டும் குறையவேயில்லை.