வாய் திறக்கும் பிள்ளையைச் சிரித்து அடக்காதீர்கள்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைச் சேர்த்து 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன்பிருந்தே இந்த மண் இரண்டு மொழியில்தான் பேசி வருகிறது. இன்று ஸ்ரீசிட்டி தொழில் நகரில் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்துவிட்டன. வேலைக்கு மனுப் போட்ட பிள்ளையைப் பல இடங்களில் முதலில் போனில்தான் விசாரிக்கிறார்கள். அங்கே முகக்குறியும் கையசைவும் துணைக்கு வராது, பேச்சு ஒன்றுதான்.

போனில் கூப்பிடச் சொல்லும்போது 'கால் டு மீ' என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதை அறிவுக்குறைவு என்று நினைப்பது பெரும் தவறு. தமிழில் 'எனக்கு போன் பண்ணு' என்கிறோம், நான்காம் வேற்றுமை. தெலுங்கிலும் அதே இடத்தில் 'கு', 'கி' வரும். தெரிந்த இரண்டு மொழிகளும் ஒரே வழியைக் காட்டினால், மூன்றாவதிலும் பிள்ளை அந்த வழியில்தானே போகும்?

ஆங்கிலத்தில் 'கால்' வினையாக வந்தால் 'டு' வேண்டாம். 'கால் மீ' போதும். அதுவே பெயராக வந்தால் வேண்டும்: 'ஐ மேட் எ கால் டு மை ஃபாதர்.' ஒருவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் 'ஆன் தி போன்'. போன் மூலம் சொன்னேன் என்றால் 'பை போன்'. நடுவில் 'தி' வராது. எண்ணைச் சொல்லும்போது நாமும் பிரிட்டன்காரர்களும் 'ஆன் திஸ் நம்பர்' என்போம், அமெரிக்கர்கள் 'அட்' என்பார்கள். இரண்டும் சரியே.

கவனம் தேவைப்படும் இடம் வேறு. 'ஐ வில் கால் ஆன் யூ' என்றால் நேரில் வந்து பார்க்கிறேன் என்று பொருள். போன் செய்வதாக எண்ணி அப்படிச் சொல்லிவிட்டால், கேட்டவர் நம்மை எதிர்பார்த்து வீட்டில் காத்திருப்பார். 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்வது. ஒரு சின்னச் சொல் மாறினால் கொடுத்த வாக்கே மாறிவிடும்.

பிள்ளைகளே, விதியை மட்டும் உருப்போடாதீர்கள். தினமும் பயன்படும் வாக்கியங்களை முழுசாக, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். திருத்தணியில் பிறந்து, திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். வீட்டு மொழி அவருக்குத் தடையாக நிற்கவில்லை, உங்களுக்கும் நிற்காது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒன்று சொல்வேன். பிழை எங்கிருந்து வந்தது என்று எடுத்துக்காட்டினால், பிள்ளை அடுத்த முறை தானே திருத்திக்கொள்ளும். நாலு பேர் முன்னால் சிரித்தால், பிழையோடு பேச்சும் நின்றுபோகும். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். பிறகு சரியான வாக்கியத்தை நீங்கள் ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். பெரியவர்களாக நாம் செய்ய வேண்டியது அவ்வளவுதான். அதைத் தவறாமல் செய்ய வேண்டும்.