நலம் வினவுதல்

தொலைவில் உள்ளார்க்கு மடல் வரைவோர், "யாவரும் நலம், நலமறிய அவா" என்று தொடங்குதல் தமிழ்நாட்டின் பழைய வழக்கம். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடப்பினும் அவ்வரி மாறுவதில்லை. நலமா என்று கேட்டால் நலம் என்பதே விடை. பண்புடைய இவ்வழக்கம், பள்ளிச் சிறாரின் உடல்நலத்தைக் கணக்கெடுக்கச் செல்வோர்க்குப் பேரிடையூறாகும்.

பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் நிலம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் மிகுந்த நிலம். இவ்விரு மாவட்டத்துச் சிற்றூர் அரசுப் பள்ளிகளிலும், நாட்டின் பிற இடங்களிற்போலவே, ஆண்டிற்கொரு முறை மாணாக்கரை ஆராய மருத்துவக்குழு வருவதுண்டு. 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் அது. பிறவிக் குறை, ஊட்டக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்னும் நால்வகையில் குறைபாடுகளை அக்குழு தேடும். எடையும் உயரமும் அளத்தல் எளிது, கருவி நாணமறியாது. வினவுதலே அரிது.

வெங்காயம் அறுவடையாகும் பருவம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் செவிலியர், "காலைச் சிற்றுண்டி உண்டாயா?" என்று கேட்டார். "இல்லை, அக்கா" என்றாள். தாளில் பட்டினி என்று பதிவாயிற்று. அருகிலிருந்த ஆசிரியை அவ்வூரார். "விடியலில் என்னம்மா குடித்தாய்?" என்று அவர் கேட்டதும், "பழைய சோறும் வெங்காயமும், டீச்சர்" என்றாள் சிறுமி. சிற்றுண்டி என்றால் இட்டலியும் தோசையும் என்பது அவள் எண்ணம். அவள் பொய் சொல்லவில்லை, வினாவே பிழைபட்டது.

ஆயினும் அவள் கண்ணின் கீழிமை வெளுத்திருந்தது. பன்னிரண்டு அகவைச் சிறுமிக்கு நூறு மில்லிலிட்டர் குருதியில் 12 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். அவளுக்கு அது குறைவு. "வெறுங்காலுடன் நடப்பதுண்டா?" என்னும் வினாவிற்கும் "இல்லை" என்றே விடையளித்திருந்தாள். பள்ளிக்கு அவள் செருப்பணிந்தே வந்தாள். ஆனால், வயலில் இறங்குவோர் செருப்பை வரப்பிலேயே விடுவர். அதனை யாரும் வெறுங்கால் நடை என்று கருதுவதில்லை. ஈரமண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு பாதத்தோலைத் துளைத்து உடலுட் புகும். பின் குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். ஆசிரியை வயலைப் பற்றிக் கேட்ட பின்னரே இவ்வழி புலனாயிற்று. குடற்புழுவிற்கு அல்பெண்டசோல் மாத்திரையும், குருதிச் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் அவளுக்கு வழங்கப்பெற்றன.

அன்று கண் ஆய்வில் வேறொரு வேடிக்கை. ஆறு மீட்டர் தொலைவில் தொங்கிய எழுத்துப் பலகையை ஒரு சிறுவன் தடையின்றிப் படித்தான். பின்னின்ற தோழன் சிரிப்பை அடக்க மாட்டாமல், "அக்கா, முன்னே போனவர்கள் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டான். கரும்பலகையில் உள்ளதையும் என் ஏட்டைப் பார்த்தே எழுதுவான்" என்றான். செவிலியர் பலகையை மாற்றினார். சிறுவன் முதல் வரியோடு நின்றுவிட்டான். கவனமில்லாதவன் என்று பல நாள் ஏச்சுக் கேட்டவன் அவன். கண்ணாடி அணிந்தால் பிறர் நகைப்பர் என்று அஞ்சியே ஒளித்தானாம்.

மறுநாள் ஆசிரியை வினாத்தாளில் சிற்றுண்டி என்னும் சொல்லை அடித்துவிட்டு, "எழுந்தது முதல் என்னென்ன உண்டாய், என்னென்ன குடித்தாய்?" என்று எழுதிக் குழுவினரிடம் கொடுத்தார்.