333 மில்லிசெக்கன்

போன மாதம் என் தங்கையின் மகனோடு படித்த பெடியன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ரொட்டர்டாமிலேயே பிறந்து வளர்ந்தவன். கணினியில் ஹார்ட்கோர் பாட்டுச் செய்கிறான். தேத்தண்ணி ஆறுமுன்னே கேட்டுவிட்டான்: “அங்கிள், உங்கட கிக் எல்லாம் ஒரு ஃபோல்டரில கிடக்கும்தானே? அதைத் தாங்கோ. காசு தாறன்.”

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவன் வயதுக்காரர் பலரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஐந்நூறு கிக், அதாவது பேஸ் டிரம் அடி, அடங்கிய பொதி ஒன்றை வாங்குவது, பிடித்ததை இழுத்துப் போடுவது, மேலே ஒரு மெலடி, பின்னேரத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. காதிரைச்சல் கூடிவிட்டதால் இந்த வருடத்தோடு மேடையேறுவதை நிறுத்திவிட்டேன். இப்போதும் சொல்லாவிட்டால் பிறகு எப்போது சொல்வது?

நான் 1985இல், 13 வயதில், பெற்றோருடன் நெதர்லாந்துக்கு வந்தவன். 1991இல் ஒரு சனி இரவு, யூரோமாஸ்ட் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த பார்க்சிக்த் மண்டபத்துக்குக் கூட்டாளி ஒருவன் என்னை இழுத்துப்போனான். டிஜே ரொப் தட்டுப் போட்ட இடம் அது. அங்கேதான் ‘வீ ஹேவ் அரைவ்ட்’ கேட்டேன். ஃபிராங்க்பர்ட்காரர் மார்க் அகார்டிபானே, மெஸ்கலினம் யுனைட்டட் என்ற பெயரில் 1990இல் வெளியிட்ட தட்டு. மற்றப் பாட்டுகளில் கிக் தாளம் பிடிக்கும், மற்றதெல்லாம் அதன்மேல் ஓடும். இந்தப் பாட்டில் கிக்கே பாட்டு. உடைந்து, உறுமி, அடுத்த அடி வரும்வரை விடாமல் இழுத்தது. வீட்டுக்கு நடந்தே வந்தேன். அதை எப்படிச் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

ரோலண்ட் டிஆர்-909 தாள இயந்திரம் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1983இல் வந்தது, பத்தாயிரம் அளவில்தான் செய்தார்கள், விலைபோகாமல் பழைய சாமான் கடைக்கு வந்தபிறகே எங்களைப்போன்றவர்கள் கைக்கு எட்டியது. அதன் கிக்கை மிக்சரில் விட்டு, கெயினை முழுக்கத் திருகி உடைத்தால் கபர் என்ற எங்கள் ரொட்டர்டாம் ஹார்ட்கோரின் கிக் வந்துவிடும் என்று எழுதுகிறார்கள். அப்படித் திருகினால் வருவது ஒரு கொரகொரப்பு. அதைக் கிக் என்று நான் சொல்லமாட்டேன்.

கிக்கை எப்படி உடைப்பது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் இசைக்காரரே இல்லை. துறைமுகப் பக்கம் ஒரு கொட்டகையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட ஒரு டச்சுப் பெரியவர். ஜாஸ் கேட்பவர். எங்கள் பாட்டு அவருக்கு அறவே பிடிக்காது. நான் அவரிடம் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனேன். கூலியோடு, இரவில் அவருடைய பழைய மிக்சரில் உட்கார அனுமதி கேட்டேன். தந்தார். முதல் நாளே அளவுமானிகள் எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் மூடிவிட்டார். முள்ளைப் பார்த்து வேலை செய்கிறவனுக்குக் காது வளராது என்றார்.

நாலு மாதம் ஒரே ஒரு கிக். நான் ஒன்றைச் செய்து போட்டுக் காட்டுவேன். அவர் ஒலிபெருக்கிக் கூம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்: எந்த இடத்தில் உடைகிறது? அடியிலா, நடுவிலா, மேலேயா? எனக்குச் சொல்லத் தெரியாது. திரும்பப் போய் உட்கார் என்பார். அலைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவை உடைப்பதற்கு முன்னால் போடுவதும் பின்னால் போடுவதும் இரண்டு வெவ்வேறு வேலை என்பதே எனக்கு மூன்றாம் மாதம்தான் விளங்கியது. முன்னால் நடு அலைகளைத் தூக்கினால் அவை முதலில் உடையும், கிக் குரைக்கும். அடியைக் குறைக்காமல் விட்டால் அதுவே எல்லாவற்றையும் விழுங்கி, சத்தம் சேறாகிவிடும். உடைத்தபின் போடும் ஈக்யூ அந்தச் சேற்றைக் கழுவ உதவாது. அவர் ஒருநாளும் நல்லது என்று சொன்னதில்லை. நாலாம் மாத முடிவில் ஒருநாள் கையைக் கூம்பிலிருந்து எடுக்காமலேயே கொஞ்சநேரம் நின்றார். பிறகு எனக்கும் சேர்த்துக் கோப்பி ஊற்றினார்.

ஆனால் என்னை உண்மையில் வதைத்தது சுருதி. நன்றாக உடைந்த கிக்கின் வால் ஒரு ஸ்வரம்போல நிற்கும். நின்றால் மெலடியோடு சேரவேண்டும், சேராவிட்டால் பாட்டு முழுவதும் பல் கூசும். 909இல் ‘டியூன்’ என்று ஒரு திருகி இருக்கிறதே என்பீர்கள். கிக்கில் அந்தத் திருகி சுருதியை மாற்றாது. தொடக்கத்தில் ஒலி மேலிருந்து கீழே சரியும் வேகத்தைத்தான் மாற்றும். ஆகவே சாம்பிளரில் ஏற்றித்தான் சுருதி கூட்டவேண்டும். அந்தக் காலத்துச் சாம்பிளரில் சுருதி கூடினால் நீளம் குறையும்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 180 அடி என்றால் ஓர் அடிக்கு 333 மில்லிசெக்கன். வால் அந்த இடத்தை நிரப்பவேண்டும், தாண்டவும் கூடாது. இரண்டு அரைச்சுருதி ஏற்றினால் அதே கிக் 297ஆகச் சுருங்கும். மீதி 36 மில்லிசெக்கன் வெறுமை. அவ்வளவு சின்ன இடைவெளி யாருக்குக் கேட்கும் என்று கேட்காதீர்கள். ஆடுகிறவனின் காலுக்குக் கேட்கும். இரண்டு அரைச்சுருதி இறக்கினால் 374. இப்போது வால் அடுத்த அடியின் தலைமேல் ஏறி அதை மழுங்கடிக்கும். தலையின் ‘டக்’கும் சேர்ந்து மாறிவிடும்.

இதோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் கண்ட வழி இது. உடைக்காத கிக்கை நீளமான வாலோடு பதிவுசெய்ய வேண்டும். தலையை வெட்டித் தனியே வைக்க வேண்டும். வாலை மட்டும் ஒவ்வொரு சுருதிக்கும் மாற்றி, அதற்குப் பிறகே மிக்சரில் விட்டு உடைத்து, தலையோடு சேர்ந்து 333 வரும்படி வெட்டி ஒட்ட வேண்டும். அலை பூச்சியத்தைக் கடக்கும் புள்ளியில் ஒட்டாவிட்டால் ‘டிக்’ என்று ஒரு முள் குத்தும். பன்னிரண்டு சுருதிக்கும் பன்னிரண்டு தடவை. மிக்சரின் திருகிகளுக்கு ஞாபகம் கிடையாது, நாளை வந்தால் அதே இடம் கிடைக்காது. அதனால் ஒரே இருப்பில் முடிக்கவேண்டும். ஒன்பது மணித்தியாலம் எடுத்தது. அந்தப் பெடியன் ஃபோல்டர் என்று சொன்னது இதைத்தான்.

இப்போது மென்பொருள் சுருதியையும் நீளத்தையும் தனித்தனியே பிரித்துத் தருகிறது. நல்ல விஷயம், நானும் பாவிக்கிறேன். கணினியை நான் குறைசொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் நாசன்ப்ளூட்டன் குழு அமிகா கணினியில் செய்த தட்டுகள், ப்ளடி ஃபிஸ்ட் நிறுவனம் 1994 முதல் வெளியிட்டவை, இன்றைக்கும் தோலை உரிக்கும். எட்டு பிட் சத்தம்தான், ஆனால் ஒவ்வொரு கிக்கும் அவர்களுடையது என்று கேட்டவுடன் தெரியும். இன்றைய விழாவில் மூன்று மணிநேரம் நின்றால் ஆறு பேர் வாசிக்கிறார்கள், ஒரே கிக் கேட்கிறது.

வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கூட்டினால் கடினமாகும் என்று நினைக்கிறார்கள். 240 அடியில் ஒரு கிக்குக்கு 250 மில்லிசெக்கன்தான் கிடைக்கும், வால் எங்கே நிற்பது? மைக்ரோபாயின்ட் போன்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஃப்ரெஞ்ச்கோரில் கிக்கைச் சின்னதாக்கி, இடைவெளியில் பேஸைத் துள்ளவிட்டார்கள். ஸ்பீட்கோர்காரர் 300க்கு மேலே போனார்கள். அவர்களும் தங்கள் கணக்கை அறிந்தவர்கள்தான்: 1,200இல் நொடிக்கு 20 அடி, அதற்குமேல் அடிகள் தனியே கேட்காமல் ஒரே ஸ்வரமாகத் திரண்டுவிடும். இன்று 200க்கு மேல் ஓட்டுகிறவர்களில் பலர் வால் பழுதாக இருப்பதை மறைக்கத்தான் ஓட்டுகிறார்கள் என்பது என் முடிவு.

1992இல் ரொட்டர்டாம் ரெக்கோர்ட்ஸ் தொடங்கிய பால் எல்ஸ்டாக், 1995இல் ‘ரெயின்போ இன் த ஸ்கை’ போட்டு ஹாப்பி ஹார்ட்கோர் பக்கம் போனபோது எங்களில் பலர் கொதித்தோம். இன்று கேட்டால் கிக் சுத்தமாக இருக்கிறது. அன்று நாங்கள் கோபப்பட்டது தவறு.

இன்னொரு கோபம் தவறில்லை. எங்கள் கூட்டத்தில் மொட்டைத் தலையைக் கண்டால் நிறவெறியன் என்று பத்திரிகைகள் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அப்படிப்பட்டவர்கள் சிலர் வந்தார்கள், மறுக்கமாட்டேன். ஆம்ஸ்டர்டாமின் மோகும் நிறுவனம் நிறவெறிக்கும் பாசிசத்துக்கும் எதிரான வாசகத்தைத் தட்டிலேயே அச்சிட்டது. அதைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் குறைவு. 1996இல் ஒரு மண்டப வாசலில் காவலாள் என் முகத்தைப் பார்த்து, இது உங்கள் ஆட்களுக்கான இடமில்லை என்று நிறுத்தினான். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நான் செய்த தட்டு. வாசலில் நின்றே கிக்கை அடையாளம் கண்டேன். பொதியில் வாங்கிய கிக்காக இருந்திருந்தால் அது யாருடையது என்று எனக்கே தெரிந்திராது.

அந்தப் பெடியனுக்கு ஃபோல்டரைக் கொடுக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் வா, 909 மேசையில் இருக்கிறது, மிக்சரும் இருக்கிறது என்றேன். இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தான். அளவுமானிகளை டேப்பால் மூடிவிட்டு, கூம்பில் கையை வைத்துக் கேட்டேன்: எந்த இடத்தில் உடைகிறது?

தெரியவில்லை அங்கிள் என்றான். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன்.