தொட்டி நீர் திரும்பி வரும் வழி: மறுசுழற்சி மீன் பண்ணையின் வடிகட்டிகள்

டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் ஓடைக்கரைகளில் டிரவுட் மீன் வளர்ப்பது பழைய தொழில். ஓடையை மறித்துக் குளங்களுக்கு நீரைத் திருப்புவார்கள். பிறகு அதைக் கழிவோடு அதே ஓடையில் விட்டுவிடுவார்கள். அப்படி வளர்த்தால் ஒரு கிலோ மீனுக்குச் சுமார் 30,000 லிட்டர் நீர் தேவைப்படும். 1989-இல் அந்நாட்டு அரசு பண்ணைகளின் தீவன அளவுக்கு வரம்பு விதித்தது. கழிவைக் குறைக்காமல் உற்பத்தியைக் கூட்ட முடியாது என்றானதும், நீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும் பண்ணைகள் அங்கே பெருகின. மறுசுழற்சி மிக இறுக்கமாக நடக்கும் பண்ணையில் கிலோவுக்குச் சுமார் 300 லிட்டர் புதுநீர் போதும்.

தொட்டியின் நடுத்துளை வழியாக வெளியேறும் நீர் முதலில் டிரம் ஃபில்டருக்கு வருகிறது. இதைத் தொட்டியைவிடத் தாழ்வாக வைத்து, நீர் தானாகச் சரிந்து வரும்படி குழாய் போடுகிறார்கள். இடையில் பம்ப் இருந்தால் மீனின் எச்சம் அதில் அடிபட்டுத் தூளாகி, சல்லடையில் எளிதில் சிக்காது. படுக்கவைத்த உருளையைச் சுற்றி 40 முதல் 60 மைக்ரான் கண்ணுள்ள வலை போர்த்தப்பட்டிருக்கும். நீர் உள்ளே புகுந்து வலை வழியே வெளியேற, அழுக்கு உட்புறம் தங்கும். வலை அடைத்து உள்ளே நீர்மட்டம் ஏறியதும் உருளை சுழலும். மேலிருந்து பீய்ச்சும் நீர் அழுக்கைக் கழுவிக் கழிவு வாய்க்காலில் தள்ளும். இந்தப் பீய்ச்சுக்குழாய் முனைகள் அடைபடாமல் பார்ப்பது பண்ணையாட்களின் அன்றாட வேலை.

சல்லடையில் சிக்காதது அம்மோனியா. மீன் இதைப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியேற்றுகிறது. 35 சதவீதம் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நீரில் சேரும். இதை மாற்றும் வேலையைப் பயோஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் செய்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரைட் மிஞ்சினால் மீனின் இரத்தம் பழுப்பாகி, ஆக்சிஜனைச் சுமக்காது. நன்னீர்த் தொட்டியில் உப்பிட்டு அந்தப் பாதிப்பைத் தணிப்பார்கள். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். மிஞ்சுவதைப் புதுநீர் சேர்த்தோ, செடிகளுக்குப் பாய்ச்சியோ குறைக்கலாம்.

பாக்டீரியாவுக்கு ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும். நார்வேயில் 1980-களின் இறுதியில் சாக்கடை நீருக்காக உருவான முறை இங்கே பயன்படுகிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில், உள்ளே குறுக்குச் சுவர்களோடு, குட்டி வண்டிச் சக்கரம் போன்ற பிளாஸ்டிக் வில்லைகள். ஒரு கன மீட்டர் வில்லைகளில் பாக்டீரியா படர 500 சதுர மீட்டர் வரை பரப்பு கிடைக்கும். அடியிலிருந்து ப்ளோயர் ஊதும் காற்றில் இவை ஓயாமல் புரண்டு, ஒன்றோடொன்று உரசிப் பழைய படலத்தை உதிர்த்துக்கொள்கின்றன. புதிய வில்லை வெளுத்திருக்கும். தேறியது பழுப்பேறி, விரலுக்கு வழவழக்கும். அந்த நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் குஞ்சுகளை நெருக்கி விட்டால் இழப்பு நிச்சயம்.

பயோஃபில்டரைத் தாண்டிய நீரில் காற்றைச் செலுத்திக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறார்கள். புற ஊதா விளக்கு நோய்க்கிருமிகளைக் குறைக்கிறது. கடைசியாக ஆக்சிஜன் ஏற்றி நீரைத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள்.

இவ்வளவையும் ஓட்டுபவர் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ஒரு பண்ணையாள். சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்ப்பதில் அவர் நாள் தொடங்குகிறது. மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏற அம்மோனியா கூடுகிறது, அன்றைக்குத் தீவனத்தைக் குறைக்க வேண்டும். பாக்டீரியா நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருப்பதால், கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ அளவில் ஆப்பசோடா சேர்ப்பது வழக்கம். அதையும் ஒரே மூச்சில் கொட்டக் கூடாது, பி.எச். ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். இரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடாவிட்டால், நெருக்கமான தொட்டியில் அரை மணி நேரத்துக்குள் மீன் திணறிச் சாகும். அதனால் அவர் படுக்கையும் பண்ணையிலேயே.

இந்தியாவில் 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் இம்முறைக்கு மானியம் தருகிறது: பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். மானியம் தொடக்கச் செலவுக்கு உதவும். மாதாமாதம் வரும் மின்கட்டணத்தையும் தீவனச் செலவையும் விற்பனை விலைதான் தாங்க வேண்டும். மண் குளத்தில் வளரும் ஆந்திர ரோகு, கட்லாவோடு விலையில் போட்டியிட முடியாததால் கொடுவா, உயிருள்ள விரால் போன்ற விலை கூடிய மீன்களே இதற்கு ஏற்றவை. கருவி விற்றவருக்குப் பொருத்திய அன்றே பணம் கிடைக்கிறது. தீவன வியாபாரிக்கு மூட்டை இறங்கும்போது. வளர்த்தவர் மட்டும் அறுவடை வரை காத்திருந்து, கமிஷன் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்டுகிறார். வளர்ந்த மீனைத் தொட்டியில் நிறுத்திவைத்தால் தீவனமும் வடிகட்டியின் சுமையும் நாளுக்கு நாள் ஏறும் என்பது வியாபாரிக்கும் தெரியும்.

பயோஃபில்டரின் அளவை முடிவு செய்வது ஒரே நாளில் இடப்படும் அதிகபட்சத் தீவனத்தின் எடை. மீன் விற்பனைக்குத் தயாராகும் கடைசி வாரங்களில்தான் அந்த உச்சம் வருகிறது. அதற்குச் சற்றுக் கூடுதலாகவே வடிகட்டி அமைத்த பண்ணைக்கு, நல்ல விலை வரும்வரை சில நாள் பொறுக்க முடியும்.