ஓபன்: குன்றின்மேல் ஒரு கிறுக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபனில் ரயிலைவிட்டு இறங்குகிறவர்களில் பலருக்கு அந்த ஊரில் வேலை இருக்காது. மல், லிஸ்மோர் தீவுகளுக்குக் கப்பல் ஏற வந்தவர்கள் அவர்கள். துறைமுகம், மீன்கடைகள், 1794இல் தொடங்கிய விஸ்கி ஆலை எல்லாம் கரையோரமே அடங்கிவிடுகின்றன. நிமிர்ந்து பார்த்தால்தான் வேடிக்கை: குன்றின் உச்சியில் ரோமாபுரிக் கொலோசியம்!

மெக்கேக் கோபுரம் என்று பெயர். ஆனால் கோபுரம் இல்லை. போனாவ் கிரானைட்டில் எழுப்பிய வட்டச் சுவர் மட்டுமே. இரண்டு அடுக்குகளில் 94 வளைவுகள். ரோமானியர் அரைவட்டமாக வளைத்ததை இங்கே கோதிக் தேவாலயச் சன்னல்போல உச்சியில் கூராக்கியிருக்கிறார்கள். கலப்புதான், ஆனாலும் பொருந்துகிறது. உள்ளே அரங்கும் கிடையாது, அறையும் கிடையாது.

கட்டியவர் ஜான் ஸ்டூவர்ட் மெக்கேக், உள்ளூர் வங்கிக்காரர். வரைபடமும் அவருடையதே. குளிர்காலத்தில் கொத்தனார்களுக்கு வேலை, குடும்பத்துக்கு நினைவுச்சின்னம் என்று இரட்டைக் கணக்குப் போட்டு, விக்டோரியா காலத்தின் கடைசியில், 1897இல் தொடங்கினார். உள்ளே அருங்காட்சியகம், கலைக்கூடம், நடுவில் ஒரு கோபுரம், பெற்றோர், உடன்பிறந்தோர் சிலைகள் என்று திட்டம் பெரிது. 1902இல் அவர் இறந்தார், வேலை நின்றது. ஊரார் அதை 'மெக்கேக்கின் கிறுக்கு' என்றார்கள்.

கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. சொத்தின் வருமானத்தில் சிலைகளும் கோபுரங்களும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். தங்கை கேதரின் வழக்குப் போட்டார். இதனால் யாருக்கும் பயனில்லை என்று 1907இல் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைத் தள்ளியது. ஆனால் அதே கேதரின் எழுதிய உயிலைப் பாருங்கள்: கோபுரத்துக்குள் பெற்றோருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வெண்கலச் சிலைகள் வைக்க வேண்டும், இடத்தைப் பொதுமக்கள் நுழையாதபடி அடைக்க வேண்டும்! 1915இல் அதையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. குடும்பப் பெருமை விஷயத்தில் அண்ணனுக்குத் தங்கை சளைத்தவரல்லர்.

சிலைகள் நிற்க வேண்டிய இடத்தில் இன்று பூங்கா இருக்கிறது. சுவர் கடற்காற்றைத் தடுப்பதால் செடிகொடிகளுக்கு நல்ல வசதி. நீதிபதிகள் கெடுத்தது நல்லதாகவே போயிற்று என்பது என் கட்சி. ஊருக்குள்ளிருந்து 144 படிகள் ஏற வேண்டும். கடல் பக்கத்துப் பார்வை மேடையில் நின்றால் கெரெரா, மல், மெக்கேக் பிறந்த லிஸ்மோர் ஆகிய மூன்று தீவுகளும் தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை.