பாக்கெட்டில் ஒரு செல், படிக்கட்டுக்குக் கீழே முந்நூறு

காலை நேரத்து ஆவடி - சென்ட்ரல் லோக்கலில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அந்த நெரிசலில் ஒருவன் திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு குதித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அண்ணனூரில் ஏறிய அந்தக் கல்லூரி மாணவனுக்கும் முதல் இரண்டு விநாடி அப்படித்தான் தோன்றியது. பட்டரவாக்கம் தாண்டி கொரட்டூர் வருவதற்குள் பேண்ட் பாக்கெட் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. ரயில் நிற்பதற்குள் குதித்து, பாக்கெட்டை அப்படியே வெளியே இழுத்துக் கொட்டினான். பிளாட்பாரத்தில் விழுந்தவை: வீட்டுச் சாவிக்கொத்து, ஒரு 5 ரூபாய் காசு, சீசன் டிக்கெட், அப்புறம் கட்டைவிரல் பருமனில் ஒரு பேட்டரி செல்.

வெடிக்கவில்லை. சாவியிலிருந்து பிரிந்து விழுந்ததும் செல் மெல்ல ஆறிவிட்டது. தொடையில் காசு அளவுக்கு ஒரு கொப்புளம், சாவியின் விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான். இது நடந்தது 2024-ல். வீட்டில் கேட்டதற்கு "கேண்டீன்ல டீ கொட்டிடுச்சும்மா" என்று சொல்லியாகிவிட்டது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். (தீக்காயத்துக்கு எண்ணெய் தடவக்கூடாது, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டவேண்டும். ஆனால் அம்மாவிடம் யார் சொல்வது?)

டீ என்று பொய் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த செல் டார்ச் லைட்டுடையது அல்ல. துபாயிலிருந்து வந்த நண்பன் ஒருவன் கொடுத்த வேப் கருவியில் போடுவதற்கான உபரி செல். ஒன்று தீர்ந்தால் இன்னொன்றை மாற்றிக்கொள்ளலாமே என்று பாக்கெட்டில் வைத்திருந்தான்.

அந்த செல்லுக்கு 18650 என்று பெயர். ஏதோ ரகசியக் குறியீடு போலத் தெரியும், ஆனால் வெறும் அளவுதான். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசி பூஜ்யம் உருளை வடிவம் என்பதற்கு. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே இருப்பது இதுதான். பவர் பேங்க், டார்ச், மின்ஸ்கூட்டர் என்று பலவற்றிலும் இதுவோ இதன் அண்ணன் தம்பிகளோதான். ரிச்சி தெருவில் உதிரியாகவே வாங்கலாம். (வாங்கும்போது ஒரு விஷயம். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 இருந்தால் அது பொய். அந்த அளவு உருளைக்குள் 3600 சொச்சத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. பொய் சொல்லும் உறைக்குள் எந்தப் பழைய லேப்டாப்பின் செத்த செல் இருக்கிறதோ!)

பென்சில் பேட்டரியில் மேல்முனை பாசிட்டிவ், அடிமுனை நெகட்டிவ் என்று எல்லாருக்கும் தெரியும். 18650-யில் தெரிந்துகொள்ளவேண்டியது, பக்கச்சுவர் முழுவதுமே நெகட்டிவ் என்பது. மேலே தொப்பி மாதிரி இருப்பது மட்டும் பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய வளையமும் கலர் பிளாஸ்டிக் உறையும்தான். உறை மேல்விளிம்பில் நகக்கண் அளவு கிழிந்திருந்தால் போதும், ஒரு சாவி இரண்டையும் தொட்டுவிடும். வேப்புக்கு என்று விற்கப்படும் செல்களில் பாதுகாப்பு சர்க்யூட்டும் இருக்காது. சட்டென்று நிறைய மின்சாரம் கொடுக்கவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டவை. சாவி தொட்டால், கொடுக்கிற மின்சாரத்தையெல்லாம் சாவிக்கே கொடுத்துவிடும்.

அதற்குமேல் சூடேறினால்தான் உண்மையான ஆபத்து. உள்ளே இரண்டு தகடுகளையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். சுமார் 130 டிகிரியில் அது உருகும். உருகினால் உள்ளேயே ஷார்ட். அதில் இன்னும் சூடு, அந்தச் சூட்டில் இன்னும் ரசாயன மாற்றம், அதில் இன்னும் சூடு. உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடியது. போதாததற்குப் பாசிட்டிவ் பக்கத்துப் பொருள் சிதைந்து ஆக்ஸிஜனையும் விடும். அதனால் மணலையோ கோணியையோ போட்டு மூடினால் மட்டும் அணைந்துவிடாது. கொரட்டூர் பிளாட்பாரத்தில் விஷயம் அந்த இடத்துக்கு ஒரு படி முன்னால் நின்றது, அவன் அதிர்ஷ்டம்.

எல்லாருக்கும் அப்படி நிற்பதில்லை. 2009 முதல் 2016 வரை அமெரிக்காவில் செய்திகளில் வந்த இ-சிகரெட் தீ, வெடிப்பு சம்பவங்களை அந்த நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. மொத்தம் 195. காயமடைந்தவர்கள் 133 பேர், அதில் 38 பேருக்குப் பலத்த காயம். அந்த 195-ல் 61 சம்பவம், கருவியோ உபரி செல்லோ சும்மா பாக்கெட்டில் இருக்கும்போது நடந்தவை. அதைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும்! சோப்பு டப்பா மாதிரி, செல்லுக்கென்றே சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இதை ஏன் அவனிடம் யாரும் சொல்லவில்லை? இங்கேதான் சிக்கல். தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசின் அவசரச் சட்டம், அந்த டிசம்பரில் முழுச் சட்டம். விற்றால் முதல்முறை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். (வேடிக்கை என்னவென்றால், அவசரச் சட்டம் வந்து மூன்றே வாரத்தில் லித்தியம் அயனி பேட்டரியைக் கண்டுபிடித்த மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு அறிவித்தார்கள்.) தடை தப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. நிகோட்டினுக்குப் பள்ளிப் பையன்களைப் பிடித்துக்கொடுக்கும் பொருளுக்கு வேறு என்ன செய்வது? ஆனால் தடைசெய்த பொருளுக்குக் கையேடு கிடையாது, சர்வீஸ் சென்டர் கிடையாது, தமிழில் எச்சரிக்கை கிடையாது. கெட்ட பழக்கம் என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். சாவியோடு சேர்த்து வைக்காதே என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதோடு ஒப்பிட 2007 ஆகஸ்ட்டை நினைத்துப் பார்க்கலாம். நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி ஞாபகம் இருக்கிறதா? மட்சுஷிட்டா கம்பெனி 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. உலகம் முழுக்கச் சுமார் 100 புகார்கள்தான். ஆனாலும் ஊரே போனைப் பிரித்துப் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தது. பின்னால் இருக்கும் 26 எழுத்து எண்ணைச் சரிபார்த்து, மாட்டினால் இலவசமாகப் புதுசு. பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலையே இருந்த காலம் அது (2014-ல் மூடிவிட்டார்கள்). பயம் இருந்தது, புரளியும் இருந்தது. ஆனால் கேட்க ஒரு கவுண்டர் இருந்தது.

அந்த மாணவன் தானாகத்தான் தேடிப் படித்தான். கொப்புளம் ஆறுவதற்குள் மேலே சொன்னதெல்லாம் அவனுக்கு அத்துபடி. கருவியையும் நண்பனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். கதை அங்கேயே முடிந்திருக்கும், அந்த தீபாவளிக்கு அப்பா மின்ஸ்கூட்டர் வாங்காமல் இருந்திருந்தால்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். ஷிப்ட் முடிந்து இரவு 10 மணிக்கு வருவார். வண்டியைப் படிக்கட்டுக்குக் கீழே ஏற்றி நிறுத்துவார். ஹாலிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜரைச் சொருகிவிட்டுச் சாப்பிட உட்கார்வார். காலையில் பிடுங்குவார். அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான், அது அந்தப் படிக்கட்டை ஒட்டித்தான்.

கரண்ட் பில் கட்டுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கணக்கு. ஒரு 18650 செல்லில் ஏறத்தாழ 10 வாட்-மணி இருக்கும். அப்படி 100 செல் சேர்ந்தால் ஒரு யூனிட். அப்பாவின் வண்டி 3 யூனிட் வண்டி. அதாவது கொரட்டூரில் தொடையைச் சுட்டது போல 300.

ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லை என்பதும் உண்மை. வண்டியில் செல்கள் வெறுமனே கிடப்பதில்லை. ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் சூட்டையும் பார்த்துக்கொள்ள ஒரு எலெக்ட்ரானிக் காவல்காரன் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே வாரம் மணலி பக்கம் மாத்தூரில் சாலையோரம் ஒரு வண்டி எரிந்தது. ஏப்ரலில் போரூர் - குன்றத்தூர் பக்கம் ஒரு ஷோரூமே எரிந்தது. அதற்கெல்லாம் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ்-156 விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலாக்கியது. ஒரு செல் எரிந்தால் அடுத்ததுக்குப் பரவாமல் தடுப்பதும் அதில் அடக்கம். புது வண்டிகள் பழையதைவிடப் பாதுகாப்பானவை. சரி. ஆனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் படிக்கட்டுக்கும் ஏஐஎஸ் கிடையாதே.

அவனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. "உனக்கெப்படிடா இதெல்லாம் தெரியும்?" என்று அப்பா கேட்டால் டீ கதை உடைந்துவிடும் என்ற பயம். வெறும் வெட்கம்.

2025 மார்ச்சில் மதுரவாயலில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்தது. 9 மாதக் குழந்தை இறந்தது, பெற்றோருக்குத் தீக்காயம். அண்ணனூரிலிருந்து மதுரவாயல் ஒன்றும் வெளியூர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டினால் வந்துவிடும். செய்தியைப் பார்த்த அம்மா "அய்யோ, பச்சப்புள்ள" என்றார். அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் வழக்கம்போல சார்ஜரை எடுத்தார்.

"அப்பா, அங்க போடாதீங்க."

"ஏன்?"

அவன் பேச ஆரம்பித்தான். வண்டி ஓடிவந்த சூட்டோடு சார்ஜ் போடக்கூடாது, அரைமணி நேரமாவது ஆறவேண்டும். தூங்கும்போது போடக்கூடாது. வெளியே போகும் வழியில் போடவே கூடாது. மெல்லிய ஒயர் பாக்ஸ் தாங்காது, எர்த் உள்ள தனி லைன் வேண்டும். சார்ஜர் வண்டியோடு வந்ததாகவே இருக்கவேண்டும். பேட்டரி உப்பினாலோ, இனிப்பு கலந்த பெயிண்ட் வாசனை வந்தாலோ, சீறல் சத்தம் கேட்டாலோ அணைக்க நிற்காமல் எல்லாரும் வெளியே ஓடி 101-க்குப் போன் செய்யவேண்டும். அந்தப் புகையே விஷம்.

அப்பா எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். "உனக்கெப்படிடா இதெல்லாம் தெரியும்?"

பதில் சொல்வதற்குப் பதிலாக அவன் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தான். அப்பா அந்தக் கறுப்புப் புள்ளியின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் இரும்போடு பழகிய விரல்.

"வெல்டிங் அடிச்ச மாதிரி குழி விழுந்திருக்கே. எது பட்டுச்சு?"

சொன்னான். எல்லாவற்றையும். அம்மா அழுதார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அன்று இரவு வண்டி சார்ஜ் ஏறாமலே நின்றது. மறுநாள் பஸ்ஸில் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் பேசி, எலக்ட்ரீஷியனை வைத்து, காம்பவுண்டு சுவர் ஓரமாகத் தனி லைன், எம்சிபி, மேலே ஒரு ஷீட். வெயில் படாத பக்கம். மே மாத மத்தியானம் சார்ஜ் போடும் பேச்சே கிடையாது என்று அவரே விதி போட்டுக்கொண்டார். பழைய செல்லை இரண்டு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்கச் சொன்னார். குப்பைத்தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும் என்று அவன் சொன்னபோது தலையாட்டினார்.

இப்போது சார்ஜ் ஏறுவது காலையில், எல்லாரும் விழித்திருக்கும்போது. எட்டு மணிக்கு சுவிட்சை அணைக்கப் போகும்போது ஒருநாள் அப்பா திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் கருமத்த விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்பா."

சார்ஜரைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.