சின்ன மாமியைப் பாடியவர் யார்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உடைந்த மின்விசிறி முதல் முயல்குட்டி வரை எதுவும் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து மூன்றாவது நிலையம்தான். சென்ற ஆண்டு அங்கே பழைய தட்டுமுட்டுச் சாமான்களுக்கிடையில் ஒரு 45 சுற்று இசைத்தட்டு அகப்பட்டது. உறையில்லை; நடுவில் ஒட்டியிருந்த தாளும் பாதி உரிந்திருந்தது. வீட்டில் ஓடவிட்டபோது, கீறல்களின் இரைச்சலுக்கு நடுவே ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார்.

நம்மூருக்கு அவர் சிலோன் மனோகர். போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக்கு வந்த பைலாத் தாளம். சிங்களமும் தமிழும் கைகோத்த பாட்டு. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையிலும் அது ஒலித்தது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார்.

பாட்டு முடியுமுன் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்தார்; 1983க்குப் பின் இங்கு வந்தவர். "உதை எங்கை எடுத்தனீங்கள், தம்பி?" என்றவர், தானாகவே 'சின்ன மாமியே'யை முணுமுணுக்கத் தொடங்கினார். "இது நித்தி கனகரத்தினத்தின்ரை பாட்டு. இஞ்சை எல்லாரும் மனோகரன்ரை எண்டு சொல்லுகினம்" என்று அவருக்கு ஒரே ஆதங்கம்.

ஆதங்கம் நியாயமானதே. தமிழ்ப் பொப்பிசைக்கு முன்னோடி என்று ஈழத்தவர் கொண்டாடும் பெயர் நித்தியுடையது. அவர் பாடல்களை நம் துறைகளில் யாரும் பொருட்படுத்துவதில்லை; எனக்கென்னவோ அவை பாடம் நடத்தவே தோதானவை. அகமரபில் தலைவன் தோழியிடம் குறையிரந்து நிற்பான். நற்றாயிடம் நேரே போய்ப் பேசமாட்டான். 'சின்ன மாமியே' பாட்டின் இளைஞனோ மாமியிடமே மகளைப் பற்றி விசாரிக்கிறான்! 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இன்னொரு வேடிக்கை. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பொருளை, ஆடத் தூண்டும் மெட்டில் ஏற்றிவிட்டார்கள். குறளுக்கு உரை எழுதிய எவருக்கும் இந்த யோசனை தோன்றியதில்லை.

பெரியவரிடமும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தனவாம். "வீட்டை விட்டு ஓடேக்கை தட்டையோ தூக்கிறது?" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பாட்டுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் பல பதிவுகளில் எழுதியவர், கித்தார் வாசித்தவர், பதிவான ஆண்டு எதுவுமே இல்லை. சிலவற்றில் பாடியவர் பெயரே தவறு. அவ்விவரங்கள் இருந்த இடம் அந்தத் தட்டின் நடுவிலிருந்த வட்டத் தாள்தான். நண்பர்கள் எவர் வீட்டுப் பரணிலேனும் இத்தகைய தட்டு கிடந்தால், தாளில் உள்ளதை ஓரெழுத்து விடாமல் படியெடுத்து எனக்கு எழுதுங்கள். என் தட்டில் மிஞ்சியிருப்பது 'மனோக' என்ற மூன்றெழுத்து.